அறிந்தவர் யார், அறியாதவர் யார்: மனத்தை மையமாக வைத்துத் திகில் குறும்படம் எழுதும் முறை

டர்பனில் குறும்படம் எடுக்க விரும்பும் தமிழ் இளைஞர்கள் திகில் கதை ஒன்றைச் சொல்ல வரும்போது, பெரும்பாலும் அதன் கடைசித் திருப்பத்தையே முதலில் சொல்கிறார்கள். இறந்துபோனதாக எண்ணியவர் உயிருடன் இருக்கிறார், நண்பனே கொலைகாரன், நடந்தவை யாவும் கனவு என்று ஏதேனும் ஒன்று முடிவில் காத்திருக்கும்; அதுவரை பார்வையாளரிடமிருந்து எல்லாவற்றையும் மறைத்துவைத்தால் போதும் என்று அவர்கள் நம்புகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. மறைப்பதால் பிறக்கும் திகிலைவிடச் சொல்வதால் பிறக்கும் திகிலே ஆழமானது. எதை, யாருக்கு, எந்த நிமிடத்தில் தெரியப்படுத்துவது என்று தீர்மானிப்பதுதான் இத்தகைய படத்தை எழுதுபவரின் முதல் வேலை. ஒரு வீடு, மூன்று நடிகர்கள், ஒரு கைபேசிக் கேமரா, பன்னிரண்டு அல்லது பதினைந்து நிமிட நீளம் என்ற அளவுக்குள் நின்று அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரியில்தான் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அதற்கு முன் கிரே தெரு, விக்டோரியா தெரு வட்டாரத்தில் இருந்த அவலான், ஷாஜஹான், ராஜ் போன்ற அரங்குகளில்தான் நம் முன்னோர் தமிழ்ப் படங்களையும் இந்திப் படங்களையும் பார்த்தார்கள். அந்த அரங்குகளில் கதாநாயகனுக்குப் பின்னால் ஒருவன் கத்தியுடன் வரும்போது, பார்ப்பவர்கள் இருக்கையிலிருந்து எழுந்து அவனை எச்சரித்துக் குரல் கொடுப்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலைக் கவனித்துப் பாருங்கள். திரையில் இருப்பவனுக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்த இயலாமையிலிருந்துதான் அக்குரல் எழுகிறது. நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு காட்சியும் பார்வையாளரை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலில் ஓர் ஏடு

திரைக்கதையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் நெடுக்குவாட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பார்வையாளருக்குத் தெரிந்தவை, இரண்டாவதில் முதன்மைப் பாத்திரத்துக்குத் தெரிந்தவை, மூன்றாவதில் எதிர்நிற்பவருக்குத் தெரிந்தவை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் இந்த மூன்றில் எது மாறியது என்று எழுதுங்கள். மூன்றும் மாறாமல் ஒரு காட்சி கடந்துவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் படத்துக்கு வேண்டாத காட்சி. மூன்று பத்திகளிலும் ஒரே செய்தி இருந்தால் அங்கே திகில் இல்லை. முதல் பத்தி நிறைந்தும் இரண்டாவது காலியாகவும் இருக்கும் இடத்தில் திகில் உச்சத்தில் இருக்கும்.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதை ஒரு வெடிகுண்டைக் கொண்டு விளக்கினார். இருவர் மேசையில் அமர்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அதன் அடியில் குண்டு திடீரென்று வெடித்தால், பார்வையாளருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதும் அது எப்போது வெடிக்கும் என்பதும் முன்பே பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டால், அதே வெற்றுப் பேச்சு பதினைந்து நிமிடத் தவிப்பாக மாறிவிடும். தமிழ்த் திரையில் இந்த முறையை முழுப்படமாகவே செய்து காட்டியவர் வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர், 1964-இல் அவர் இயக்கிய 'பொம்மை'யில் குண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகிறது, அதை வாங்கிக்கொள்பவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது.

குண்டுக்கு ஈடான பொருள் நம் வீடுகளிலேயே உண்டு. லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில், மின்சாரம் எந்த மணிக்கு நிற்கும் என்பது அட்டவணையாக முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. இரவு எட்டு மணிக்கு விளக்கு அணையும் என்று குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய காகிதம் காட்டுகிறது. சுவரில் கடிகாரம் ஏழே முக்கால். வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். இவ்வளவு போதும். மின்தடை திடீரென்று வருவதாக எழுதினால் அது வெறும் வசதிக்கான இருட்டு. எட்டு மணிக்கு வரும் என்று பார்வையாளருக்கு முன்பே சொல்லிவிட்டால், அதற்கு முன் நடக்கும் தேநீர் உபசாரம்கூட அவரைப் பதற வைக்கும்.

ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொள்வோம்

இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் பயன்படும்படி ஒரு சிறு கதையை அமைத்துக்கொள்ளலாம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பழைய இரட்டை வீடு. அதில் ஆயாவும் அவர் மகள்வழிப் பேத்தி பிரியாவும் வாழ்கிறார்கள். ஆயாவுக்கு முதுமை மறதி. வாழ்நாளில் பிற்பாடு கற்ற ஆங்கிலம் அவரிடமிருந்து நழுவி, சிறுவயதில் பேசிய தமிழ் மட்டும் எஞ்சியிருக்கிறது. பிரியாவுக்குத் தேவாரப் பாடல்கள் மனப்பாடம். ஆனால் அவள் அவற்றை ஆங்கில எழுத்தில் படித்துக் கற்றவள், பேச்சுத் தமிழ் அவளுக்குப் புரியாது என்பது வீட்டாரின் எண்ணம். அன்று இரவு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மாமா வருகிறார். வீட்டுப் பத்திரத்தில் ஆயாவின் கையெழுத்தை வாங்குவதே அவர் நோக்கம். அவர் கதவைத் தட்டும்போது ஆயா சொல்கிறார்: "தெறக்காத தாயி. அவன் என் கையப் புடிச்சி எழுத வெப்பான்."

பிரியா கதவைத் திறக்கிறாள். தமிழ் அறிந்த பார்வையாளருக்கு ஏட்டின் முதல் பத்தி அந்த நொடியில் நிரம்பிவிடுகிறது. தமிழ் அறியாதவருக்கு என்ன செய்வது? இங்கே திரையின் கீழே மொழிபெயர்ப்பாக வசன வரி போடுவதா வேண்டாமா என்ற தேர்வு, வெறும் வசதி பற்றிய கேள்வியாக இருப்பதைத் தாண்டிக் கதையின் அடித்தளத்தையே மாற்றுகிறது. ஆயாவின் பேச்சுக்கு வரி போட்டால் பார்வையாளர் ஆயாவின் பக்கம் நிற்கிறார், பிரியாவைப் பார்த்துப் பதறுகிறார். போடாவிட்டால் பிரியாவின் பக்கம் நிற்கிறார், ஆயாவின் முகத்தைப் பார்த்துக் குழம்புகிறார். இரண்டும் இரண்டு வேறு படங்கள். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். 1979 முதல் நடைபெற்றுவரும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா போன்ற இடங்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், படத்தின் முதல் தமிழ்ச் சொல்லிலிருந்தே வரிகள் இருக்கட்டும். பாதியில் தொடங்கும் வரிகள் பார்வையாளரை ஏமாற்றியதாக ஆகிவிடும்.

ஒவ்வொருவரும் தன்னிடமே எதை மறைக்கிறார்

வெளியே உள்ள ஆபத்து திகிலைத் தரும். உள்ளே உள்ள மறுப்புதான் அதை மனத்தைப் பற்றிய படமாக ஆக்கும். எனவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவர் வாய்விட்டுக் கேட்பது என்ன, கேட்கத் துணியாமல் விரும்புவது என்ன, தெரிந்தும் தெரியாததாக வைத்திருப்பது என்ன? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை எழுதத் தொடங்க வேண்டாம்.

மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் கெட்டவராக எழுதுவது மிக எளிது, அதனாலேயே அது வீண். அவருக்குக் கடன் இருக்கிறது. ஆனால் வழியெல்லாம் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது, வீட்டை விற்றால் அம்மாவை நல்ல பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்பதே. அந்தக் காரணத்தில் பாதி உண்மையும் உண்டு. அவர் அம்மாவுக்குப் போர்வை இழுத்துவிடுவதும் மாத்திரையை நினைவூட்டுவதும் நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அன்பும் அபகரிப்பும் ஒரே கையால் நடக்கும்போதுதான் பார்வையாளர் கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

பிரியாவின் மறுப்பு இன்னும் ஆழமானது. அவள் களைத்துப்போயிருக்கிறாள். கேப்டவுனில் படிக்க இடம் கிடைத்தும் போகாமல் இருக்கிறாள். வீடு விற்கப்பட்டால் தனக்கு விடுதலை என்ற எண்ணம் அவளுக்கு வந்திருக்கும், வந்த உடனே அதைப் புறந்தள்ளியும் இருப்பாள். ஆயா சொல்வது புரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அவள் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைப் படம் எந்த இடத்திலும் வசனமாகச் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு விளக்கு எரிவதைச் சன்னல் வழியே ஒருமுறை காட்டி, பிரியா திரையை இழுத்து மூடுவதைக் காட்டினால் போதும்.

மறுப்பைக் காட்சியாக்க ஒரு பொருளோ ஓசையோ வேண்டும். தாதா மிராசி இயக்கத்தில் 1964-இல் வந்த 'புதிய பறவை'யில் ரயிலைக் கண்டாலே நாயகன் கோபால் நிலைகுலைகிறான். காரணம் நமக்கு வெகுநேரம் சொல்லப்படுவதில்லை. விளைவை முதலில் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தேட வைக்கப்படுகிறோம். அறுபது ஆண்டுக்கு மேலான படம் என்பதால் அதன் பொறியையும் சொல்லிவிடலாம்: இறந்துவிட்ட மனைவி நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள், அவள் பொய் சொல்கிறாள் என்று கோபாலால் எப்படி மெய்ப்பிக்க முடியும்? உண்மையான மனைவி எப்படி இறந்தாள் என்பதைத் தன் வாயாலேயே சொன்னால்தான் முடியும். தப்பிக்க ஒரே வழி, தான் புதைத்துவைத்ததைத் தானே தோண்டி எடுப்பது. மனத்தைப் பற்றிய திகில் கதைக்கு இதைவிட உறுதியான அமைப்பை நான் தமிழ்த் திரையில் கண்டதில்லை. நீங்கள் எழுதும் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு நெருக்கடியைத் தேடுங்கள்: அவர் எதை ஒப்புக்கொண்டால் மட்டுமே வெளியே வர முடியும்?

நம் கதையில் அந்தப் பொருள் ஆயாவின் கை. ஆயா தன் வலக்கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டே இருக்கிறார். பிரியா அதைக் குளிர் என்று எண்ணிக் கம்பளி தருகிறாள். மாமா அதைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்.

ஐயம் சரிபாதியாக நிற்கட்டும்

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் கணினியில் ஒவ்வொரு பாறையாகப் பார்த்து, அடியில் பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சிறு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்த மனஅழுத்தத்தைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. வியர்வையும் கண்பாவையின் விரிவும் அதைக் காட்டின. திரைக்கதை எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு அரிது. ஆபத்து உண்டு என்பது உறுதியானால் பார்வையாளர் அதை ஏற்றுக்கொண்டு தளர்ந்துவிடுகிறார். இல்லை என்பது உறுதியானாலும் அப்படியே.

ஆனால் ஹிட்ச்காக்கின் குண்டு உறுதியாக இருக்கிறதே, இது முரண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். குண்டு இருப்பது உறுதி. அவர்கள் தப்புவார்களா என்பது உறுதியில்லை. ஆகவே உங்கள் கதையில் எதை உறுதியாக்குகிறீர்கள், எதைப் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பிரித்தறிய வேண்டும். நம் கதையில் எட்டு மணி உறுதி. மாமாவின் பையில் பத்திரம் இருப்பதும் உறுதி, அதை முதல் மூன்று நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள். உறுதியில்லாதது ஒன்றே ஒன்று: ஆயாவின் பயம் நோயின் பயமா, அனுபவத்தின் பயமா? மாமா முன்பு எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறாரா, அல்லது ஆயாவின் குழம்பிய நினைவு வேறு யாரையோ மாமாவின் முகத்தில் பார்க்கிறதா?

அந்த ஐயத்தைச் சரிபாதியில் நிறுத்த, திரைக்கதைப் படியை எடுத்து இரண்டு வண்ண மையால் குறியிடுங்கள். ஆயா தவறாகச் சொல்லும் இடங்களுக்கு ஒரு வண்ணம், சரியாகச் சொல்லும் இடங்களுக்கு வேறொன்று. பிரியாவை அவர் தன் தங்கையின் பெயரால் கூப்பிடுகிறார். கேட்டோ மேனருக்குப் பஸ் எப்போது வரும் என்று கேட்கிறார், இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தின் கீழ் அங்கிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது என்பதை மறந்து. இவை ஒரு பக்கம். மறுபக்கம், இஸ்திரிப்பெட்டி சூடாக இருக்கிறது என்று சொல்கிறார், பிரியா போய்ப் பார்த்தால் அணைக்காமல் விட்டிருக்கிறாள். மழை வரும் என்கிறார், வருகிறது. இரண்டு வண்ணங்களும் மாறி மாறி வர வேண்டும். மூன்று குறிகள் தொடர்ந்து ஒரே வண்ணத்தில் இருந்தால் பார்வையாளர் முடிவு கட்டிவிட்டார் என்று பொருள். நடுவில் மற்றொன்றைக் கொண்டுவாருங்கள்.

நினைவு என்பதே நம்பத்தக்க பதிவு இல்லை என்பதும் உங்களுக்கு உதவும். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் தம் சக ஆய்வாளருடன் நடத்திய சோதனையில், கார் மோதும் காட்சியைப் பார்த்தவர்களிடம் கேள்வி கேட்ட விதத்தை மட்டும் மாற்றினார். கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள், வெறுமனே மோதியபோது என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகத்தைக் கூறினார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அமைப்பைப் பாலசந்தர் 1954-இலேயே 'அந்த நாள்' படத்தில், பாடல் ஒன்றுகூட இல்லாமல், கையாண்டிருக்கிறார். கடந்தகாலக் காட்சியை நீங்கள் பயன்படுத்தினால், அதை உண்மையின் பதிவாகக் காட்டாமல் ஒருவருடைய கூற்றாகக் காட்டுங்கள். பன்னிரண்டு நிமிடப் படத்தில் அதையும் தவிர்ப்பதே நல்லது.

கேமரா எங்கே நிற்கிறது

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்து பார்த்தது இன்றும் அப்படியே வேலை செய்கிறது: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் இணைத்தால், பார்ப்பவர் அம்முகத்தில் பசியையும் துயரத்தையும் தாமாகவே படித்துக்கொள்கிறார். எனவே மாமாவாக நடிப்பவரிடம் முகத்தைச் சும்மா வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைத் தொடர்ந்து ஆயாவின் கையைக் காட்டினால் ஒரு பொருள், சுவரில் இருக்கும் அவருடைய பள்ளிக்காலப் புகைப்படத்தைக் காட்டினால் வேறு பொருள். நம் நடிகர்கள் பலர் கோயில் விழா நாடகங்களில் பழகியவர்கள். உரத்த உணர்ச்சி அவர்களுக்கு எளிதாக வரும், அமைதிதான் பயிற்சி கேட்கும். ஒத்திகையில் அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

இந்த நாட்டு வீடுகளின் சன்னல்களில் திருடர் நுழையாதிருக்கப் போட்ட இரும்புக் கம்பிகளும், கதவுக்கு முன் பூட்டிய இரும்பு வாசலும் உங்களுக்குப் பணம் செலவில்லாமல் கிடைத்த அரங்க அமைப்பு. வெளியிலிருந்து வருபவனைத் தடுக்கவே போடப்பட்டவை, வந்தவன் உள்ளே நுழைந்துவிட்ட பிறகு உள்ளிருப்பவர்களையே அடைக்கின்றன. முதல் காட்சியில் கேமராவை வீட்டுக்குள் வைத்துக் கம்பிகளை மங்கலாக முன்னால் விடுங்கள். மாமா நுழைந்து வாசலைப் பூட்டியபின் அதே கோணத்துக்குத் திரும்புங்கள். வசனம் தேவைப்படாது.

ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணி கடந்ததுமே சூரியன் மறைந்துவிடும், மழையும் குறைவு. இரவுக் காட்சிகளை அந்தக் காலத்தில் எடுத்தால் எல்லோரும் நேரத்தோடு வீடு திரும்பலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கைபேசியில் நிலையாக அமைத்துக்கொண்டால் விளக்குகள் திரையில் துடிக்காது. விளக்கு அணைந்த பிறகு வரும் காட்சிகளை உண்மையான இருட்டில் எடுக்க வேண்டாம். கைபேசி அங்கே வெறும் புள்ளிகளைத்தான் பதியும். சாமி அலமாரியில் எரியும் காமாட்சி விளக்கு ஒளியின் மூலமாகத் தெரியட்டும். சட்டகத்துக்கு வெளியே, அதே திசையில், மஞ்சள் தாள் ஒட்டிய சிறு மின்கல விளக்கை வைத்து அதற்குத் துணை செய்யுங்கள்.

காதுக்குள் நுழைவது

படத்தைவிட ஒலிக்கு அதிக உழைப்பைத் தரச் சொல்வேன். ஹிட்ச்காக் தம் 'சைக்கோ'வின் (1960) குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பிசைக் கருவிகளை மட்டும் கொண்டு எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். ஒரே வகைக் கருவியால் ஒரு முழுப் படத்தின் அச்சத்தையும் தாங்க முடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதிரடி இசைத் துணுக்குகளை ஒதுக்கிவிடுங்கள்.

நம் கதையில் மிகப் பயங்கரமான ஒலி குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம். அதை முதல் காட்சியிலிருந்தே மெல்ல ஓடவிடுங்கள். பார்வையாளர் இரண்டு நிமிடத்தில் அதைக் கேட்பதை மறந்துவிடுவார். எட்டு மணிக்கு மின்சாரம் நிற்கும்போது அது நின்றுபோவதுதான் அவரை உலுக்கும். இதற்காக, படப்பிடிப்பின்போது பெட்டியை அணைத்துவிட்டு வசனங்களைப் பதிவு செய்யுங்கள், ரீங்காரத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து பின்னர் சேருங்கள். அறையின் வெறுமையையும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். இரும்பு வாசல் உரசும் ஓசை, கூரையில் குரங்கு ஓடும் சத்தம், விடியலில் ஹதீதா பறவைகளின் அலறல் ஆகியவை இந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாடம். இடம் மாறி வந்தால் அவையே நடுங்க வைக்கும்.

நோயைப் பேயாக்காதீர்கள்

இந்த இடத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மனநோய் உள்ளவரைக் கொலைகாரராகக் காட்டிப் பழகிய திரைமரபு ஒன்று எல்லா மொழிகளிலும் இருக்கிறது. உண்மையில் கடும் மனநோயுடன் வாழ்பவர்கள் பிறரைத் துன்புறுத்துவதைவிடப் பிறரால் துன்புறுத்தப்படுவதே மிகுதி. ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவும் ஒருவருக்குள் பல ஆளுமைகள் தோன்றும் நிலையும் வெவ்வேறானவை. இரண்டாவது பெரும்பாலும் சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளோடு தொடர்புடையது. தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சேவை பெறுபவரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. படைப்பாளிக்கும் அந்தக் கடமை உண்டு. உங்கள் பாத்திரத்துக்கு நோய் இருந்தால், அந்த நோயுள்ளவரைக் கவனித்துக்கொண்ட ஒருவரிடம் திரைக்கதையைப் படிக்கக் கொடுங்கள். ஆயாவின் காட்சிகளில் எது நடக்கக்கூடியது, எது வெறும் கற்பனை என்று அவர் உடனே சொல்லிவிடுவார்.

இதனோடு சேர்த்து இன்னொன்று. காவடி நாளில் அருள் வந்து ஆடுபவரையும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவில் தன்னை மறந்து நிற்பவரையும் அச்சமூட்டும் காட்சியாக வெட்டி ஒட்டும் பழக்கம் சில இளைஞர்களிடம் காண்கிறேன். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் மனத்தைத் தாங்கி நிறுத்திய வழிபாடு அது. அதை வெளியாள் கண்ணால் பார்க்கும் படத்தை நாமே எடுக்க வேண்டியதில்லை.

வெளிப்படுத்தும் நேரம்

முடிவில் வெளிப்படும் உண்மை, வெளியே நடந்ததைப் பற்றியதாக இருப்பதைவிட ஒரு மனத்துக்குள் இருந்ததைப் பற்றியதாக இருந்தால் நெடுநாள் நிற்கும். நம் கதையை இப்படி முடிக்கலாம். எட்டு மணி. இருட்டு. மாமா பத்திரத்தை மேசையில் விரித்து, பேனாவை ஆயாவின் விரல்களுக்குள் வைக்கிறார். ஆயா பிரியாவைப் பார்த்து மெதுவாக, தமிழில், தாகமாக இருக்கிறது, பித்தளைச் செம்பில் தண்ணீர் வேண்டும் என்கிறார். கை அசைவு எதுவும் இல்லை. பிரியா எழுந்து, கண்ணாடிக் குவளைகளைத் தாண்டிச் சென்று, பித்தளைச் செம்பைத் தேடி எடுக்கிறாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. கதவைத் திறந்தபோதும் புரிந்திருந்தது. மாமா அவளைப் பார்க்கிறார். மூன்று பத்திகளும் ஒரே நொடியில் சமமாகின்றன. அதன்பின் அவள் என்ன செய்வாள் என்பதை எவ்வளவு தூரம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம், ஆனால் அவள் வாயால் விளக்கம் தர வைக்காதீர்கள்.

இத்தகைய முடிவு நேர்மையானதாக இருக்க, முன்னால் வந்த காட்சிகளில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஆயா இஸ்திரிப்பெட்டியைப் பற்றித் தமிழில் சொன்னபோது பிரியா போய்ப் பார்த்தாள் அல்லவா? முதல் முறை பார்ப்பவர் அதைத் தற்செயல் என்று எண்ணிக் கடந்திருப்பார், இரண்டாம் முறை பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இப்படி இரண்டு இடங்கள் போதும். நான்கு வைத்தால் முன்பே தெரிந்துவிடும்.

படத்தொகுப்பு முடிந்ததும், கதை தெரியாத சிலரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். மாமா வாசலைப் பூட்டும் இடத்தில் ஒருமுறை, விளக்கு அணைவதற்குச் சற்று முன் ஒருமுறை, படத்தை நிறுத்தி இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், யாரை நம்புகிறீர்கள்? விடைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். எல்லோரும் ஆயாவையே நம்பினால், மாமாவுக்கு ஒரு நல்ல செயலைக் கூடுதலாகக் கொடுங்கள். எல்லோரும் மாமாவையே நம்பினால் மழைக் காட்சியை முன்னால் நகர்த்துங்கள். இரண்டாவது நிறுத்தத்தில் யாராவது பதில் சொல்லாமல் படத்தைத் தொடரச் சொன்னால், அதற்கு முன்னுள்ள இரண்டு நிமிடங்களில் ஒரு வெட்டைக்கூட மாற்றாதீர்கள்.